ஒரு இலைக்கு மட்டும் பாயசம்

எங்க ஊர்ல பொண்ணு பார்க்க வர்றவங்க இப்பல்லாம் மூஞ்சியைப் பார்க்கறதில்லை, வயித்தைப் பார்க்கறாங்க. நிறமா, படிப்பா, வேலையா, ஜாதகம் பொருந்துதா, அதெல்லாம் அப்புறம். வந்து உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்ச கையோட கேக்கற முதல் கேள்வி, "பொண்ணு நொதி போடுமா?" போடும்னு சொல்லிட்டா டம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சிருவாங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போது "தகவல் சொல்லி அனுப்பறோம்"னு ஒரு இளிப்பு வேற.

நான் போடுவேன். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற அந்த மாத்திரையை ஒவ்வொரு வேளையும், முதல் வாயோட, எல்லாரும் பார்க்கப் போடுவேன். சோறு தின்னாலும் போடணும், பால் குடிச்சாலும் போடணும், பரோட்டா தின்னாலும் போடணும். போடாம தின்னா வயிறு பானையாட்டம் உப்பி, மேலெல்லாம் தடிச்சு, அப்புறம் ஆஸ்பத்திரிதான். அதுக்காகத் தலையைக் குனியணுமா என்ன? கண்ணுக்குக் கண்ணாடி போடறவன் குனியறானா?

என் பேரு செல்லக்கிளி. பேர்தான் கிளி, வாயைத் திறந்தா கோட்டான்னு எங்கம்மா சொல்லும். விருதுநகர் பஜார்ல நொதிக் கடை வச்சிருக்கேன். மருந்தாளர் படிப்பு படிச்சு, முறையா அனுமதி வாங்கி வச்ச கடை. அதுக்கு முன்வாசல் ஒண்ணு, சந்துப் பக்கம் பின்வாசல் ஒண்ணு. முன்வாசல்ல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். பின்வாசல்ல வரிசை நிக்கும். "எங்க வம்சமே சுத்த வயிறு"ன்னு கல்யாண வீட்ல மீசையைத் தடவற ஆளுங்கள்ளாம் அங்க முக்காடு போட்டுக்கிட்டு நிப்பாங்க. யாரு எவருன்னு நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. வயித்தெரிச்சல் வேற, தொழில் வேற.

சோலையை அந்தக் கடையிலதான் பார்த்தேன். நொதி வைக்கிற குளிர்பெட்டி ரிப்பேராகி, கம்பெனியில இருந்து அனுப்பின ஆள் அவன். குனிஞ்சு பெட்டியைக் கழட்டிக்கிட்டே கேட்டான், "உள்ள என்னங்க வச்சிருக்கீங்க, இவ்வளவு குளுகுளுன்னு?"

"நொதி. சூடு பட்டா வீணாப் போயிரும். நீங்க பார்த்ததே இல்லையா?"

"எங்க வீட்ல யாருக்கும் பழக்கமில்லைங்க. நான் கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

அதைச் சொல்றப்ப அவன் முகத்துல ஒரு பெருமை. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "அதுக்கு நீங்க என்ன பாடுபட்டீங்க? பொறக்கும்போது கூட வந்தது. லாட்டரி விழுந்தவன் உழைச்சேன்னு சொல்ற மாதிரி இருக்கு"ன்னேன்.

வேற ஆளா இருந்தா மூஞ்சியைத் தூக்கியிருப்பான். இவன் சிரிச்சுட்டான். "கோவிச்சுக்காதீங்க, நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறேன். இது உள்ள போய் என்ன செய்யும்?"

"நம்ம பஜார்ல லாரி வந்து நிக்குது, மூட்டை இறக்க ஆள் வேணும்ல? உங்க வயித்துல அந்த ஆள் உள்ளேயே குடியிருக்கான். என் வயித்துல இல்லை, வெளியில இருந்து கூட்டிட்டு வரணும். லாரி வந்து நிக்கறப்ப ஆள் அங்க நிக்கணும். எல்லாம் போனப்புறம் வந்து தலையைச் சொறிஞ்சா என்ன புண்ணியம்? அதான் முதல் வாயோட போடறது."

"நாள்மாத்திரைன்னு ஒண்ணு சொல்றாங்களே?"

"அது ஆளை விடியக்காலையிலேயே கூட்டிட்டு வந்து கதவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கறது. நாள் பூரா உள்ள இருப்பான், யாருக்கும் தெரியாது. வேலை அதே வேலைதான்."

"அப்ப அதையே போடலாமே? வசதியா இருக்குமே?"

"எதுக்கு ஒளிக்கணும்? திருடவா செய்யறேன்? சோறு திங்கறேன்."

அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழ வச்சுட்டு என்னை நல்லா நிமிர்ந்து பார்த்தான். அங்க தொடங்குச்சு எங்க கதை.

அவன்கிட்ட அப்புறம் நிறையப் பேசியிருக்கேன், பொரிச்ச பரோட்டாக் கடையில உக்காந்து. கடல் ஏறி டெல்டா பூராவும் உப்பாப் போன காலத்துல, உப்புத் தண்ணியில விளையற கடற்சம்பாவைக் கண்டுபிடிச்சாங்க. அது இல்லேன்னா இன்னிக்கு நம்மள்ள முக்காவாசிப் பேர் இல்லை. அந்த அரிசியில இருக்கற ஒரு புரதத்தைப் பாதிப் பேருக்கு மேல உடைக்க முடியலை. தொட்டியில நொதிக்க வச்சு எடுக்கற பாலும் அப்படித்தான், புதுக் கோதுமையும் அப்படித்தான். அதுக்கு மாத்திரை வந்துச்சு. "அப்ப யாரும் வெக்கப்படலை, தெரியுமா? பந்தியில உப்பு வைக்கிற மாதிரி எல்லார் இலையிலயும் நொதி வச்சாங்களாம்"னு சொன்னேன்.

"அப்புறம் எப்ப இது அசிங்கமாச்சு?"

"நாள்மாத்திரை வந்தப்புறம். மறைக்க முடியும்னு ஆனதும் மறைச்சாங்க. மறைச்சதும் அசிங்கமாப் போச்சு. அப்புறம் சுத்த வயிறு, அசுத்த வயிறுன்னு ரெண்டு ஜாதி. இருக்கறது போதாதுன்னு."

அவன் என் இலையில மாத்திரையைப் பிரிச்சு வச்சான். பக்கத்து மேசைக்காரங்க பார்த்தாங்க. அவன் கண்டுக்கலை. அதுக்காகத்தான் இவனைக் கட்டிக்கலாம்னு நெனைச்சேன், வேற எதுக்குமில்லை.

அப்படிப்பட்டவன் செஞ்ச வேலையைக் கேளுங்க.

நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு, சமையலுக்குச் சாமான் வாங்கியாச்சு. கடைக்கு வந்து நெளியறான். என்னடான்னா, அவங்கம்மா சுகந்தி அத்தை கேட்டாங்களாம், பொண்ணு நொதி போடுமான்னு. இவன் போடாதுன்னு சொல்லிட்டானாம்.

"கிளி, கத்தாத. ஒரே ஒரு நாள்தான். வெறும்பந்தின்னு ஒரு சடங்கு இருக்குல்ல, அதை மட்டும் முடிச்சிரு. காலையில ஒரு நாள்மாத்திரை போட்டுக்கோ. கல்யாணத்துக்கு அப்புறம் நான் அம்மாகிட்ட மெதுவாச் சொல்லிக்கறேன்."

வெறும்பந்தின்னா நிச்சயத்தன்னிக்கு ரெண்டு வீட்டு ஆளும் பார்க்க, பொண்ணு மாத்திரை எதுவும் போடாம முழு இலைச் சாப்பாடும் சாப்பிடணும். சாப்பிட்டு முடிச்சு, மறு தாம்பூலம் வரைக்கும் சிரிச்ச முகமா உக்காந்திருக்கணும். வயிறு உப்பலைன்னா, மேல தடிக்கலைன்னா, பொண்ணு சுத்தம். பையனை யாரும் உக்கார வைக்கறதில்லை. பிள்ளைங்க வயிறு அம்மாகிட்ட இருந்துதான் வருதாம். எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு கேட்டா பதில் வராது.

"முறின்னு ஒண்ணு இருக்கே, அது தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் தடை பண்ணியாச்சு."

"தடை பண்ணினதாலதான் ஒளிச்சுக் கொண்டு வர்றாங்க. ஒரு சிட்டிகைப் பொடி. இனிப்புல கலந்தா வாசனை வராது. வயித்துல இருக்கற நொதியை அப்படியே முடக்கிப் போட்டுரும். சுத்த வயித்துக்காரங்களுக்கு ஒண்ணும் செய்யாது, அவங்க சொந்த நொதி வேற மாதிரி. மாத்திரை போட்டவ மட்டும் துடிப்பா. எங்க பவளத்துக்கு என்னாச்சுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்லை கிளி."

பவளம் என் பெரியப்பா மக. எனக்கு மூத்தவ, ஆனாலும் வாடி போடிதான். அவளை நாள்மாத்திரை போட வச்சு வெறும்பந்தியில உக்கார வச்சாங்க. மாப்பிள்ளை வீட்டுப் பாயசத்துல முறி. பந்தியிலயே சுருண்டு விழுந்தா. ஆஸ்பத்திரியில பொழைச்சு வந்ததே பெருசு. இன்னி வரைக்கும் அவளால கஞ்சியைத் தாண்டி எதையும் நிம்மதியாச் சாப்பிட முடியலை. அவளைப் படுக்க வச்சவங்க நல்லாத்தான் இருக்காங்க. இவளைத்தான் நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிடறதில்லை.

சோலைகிட்ட நான் கடைசியாச் சொன்னது இதுதான். "நான் என் மாத்திரையை எல்லாரும் பார்க்கப் போட்டுத்தான் சாப்பிடுவேன். உனக்கு உங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்றதுக்கு இன்னும் நாள் இருக்கு. சொல்லிரு."

"சொல்றேன்"னான். சொல்லலை. அவன் முகத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும், சொல்ல மாட்டான்னு. மனசு அப்படி வலிச்சுது. பரோட்டாக் கடையில ஊரே பார்க்க மாத்திரையைப் பிரிச்சு வச்ச கை, பெத்தவ முன்னாடி நடுங்குது.

அம்மா வேற காலைப் பிடிக்காத குறை. "அப்பா இல்லாத புள்ளைடி நீ. ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு முழுங்கித் தொலையேன். ஊர்ல செய்யாததா? உனக்கே தெரியும், உன் பின்வாசல்ல எத்தனை பேரு…"

"பின்வாசல் பேச்சு வேண்டாம்மா. இன்னொண்ணு கேட்டுக்கோ. அன்னிக்குப் பந்தி பரிமாறப் போறது பவளம்."

அம்மா நெஞ்சுல கையை வச்சுது. "வேற வினையே வேண்டாம்!"

"அவ பரிமாறலைன்னா நான் உக்காரலை."

அம்மாவுக்கு என் பிடிவாதம் தெரியும். முணுமுணுத்துக்கிட்டே போய்ப் பருப்பை ஊறப் போட்டுது.

நிச்சயம் எங்க வீட்டு மொட்டைமாடியில, பந்தல் போட்டு. மாப்பிள்ளை வீட்ல ஒரு வேன் நிறைய வந்தாங்க. சுகந்தி அத்தை நல்ல களையான மனுஷி. என் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க. எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிருச்சு, நாமதான் தப்பா நெனைச்சுட்டோமோன்னு. சோலை பட்டு வேட்டியில என் கண்ணைப் பார்க்காம நின்னான்.

வாழையிலை போட்டாச்சு. எனக்கு எதிர் வரிசையில மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, நடுவுல சோலை, அவனை ஒட்டி அவங்கம்மா. எங்க ஆளுங்க அடுத்த பந்திக்குக் காத்துக்கிட்டு நின்னாங்க. என் மாத்திரைப் பட்டையை இடுப்புல சொருகியிருந்தேன். சோறு விழுந்ததும் எடுத்து இலையில வைக்கறதுன்னு முடிவு.

பவளம் கேசரித் தட்டைத் தூக்கிட்டு முதல் இலைக்கு வந்தா. சுகந்தி அத்தை கையைக் காட்டி நிறுத்தினாங்க. "கொஞ்சம் இரும்மா. எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. பொண்ணு இலையில முதல்ல எங்க வீட்டுப் பாயசம்தான் விழணும்." மடியில வச்சிருந்த ஒரு சின்ன வெள்ளிச் செம்பை எடுத்து நீட்டினாங்க.

பவளம் வாங்கினா. வாங்கின கை அப்படியே நின்னுபோச்சு. செம்பைத் தூக்கிக்கிட்டு என் இலைக்கு வந்து குனிஞ்சவ, கரண்டியை விடலை. என் காதுக்கிட்ட அவ குரல் வரவேயில்லை, மூச்சுதான் வந்துச்சு. "இதே மாதிரிதான்டி எனக்கும். தனிச் செம்பு."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சுக் கத்தியிருக்கலாம். கத்தினா என்ன ஆகும்? பொண்ணு பயந்துட்டா, வயித்துல கோளாறு, அதான் பாயசத்தைப் பார்த்து ஓடறான்னு ஊர் பேசும். செம்பை வாங்கி மடியில வச்சுக்கிட்டு அவங்க வேனேறிப் போயிருவாங்க. அடுத்து எவ வீட்டு மாடிக்கோ அதே செம்பு ஏறும்.

நல்லா சத்தமாச் சொன்னேன். "பவளம், பந்தி வஞ்சனை நம்ம வீட்ல என்னிக்கும் பண்ணினதில்லை. ஒரு இலைக்கு மட்டும் பாயசம்னா உக்காந்திருக்கறவங்க என்ன நெனைப்பாங்க? எதிர் வரிசையில எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி வை. கடைசியா எனக்கு வை."

எங்க குருசாமி மாமா, அம்மாவோட தம்பி, பந்தி மரியாதையில கெட்டி. ஒண்ணும் தெரியாம எடுத்துக் குடுத்தாரு. "அதான் சரி! விருந்தாளிக்கு வைக்காம வீட்டுப் பொண்ணு முதல்ல திங்கறதாவது? வைம்மா எல்லாருக்கும்!"

சுகந்தி அத்தை முகம் மாறிச்சு. "இல்லைங்க, அது பொண்ணுக்குன்னு அளவாச் செஞ்சது."

"அளவா இருந்தா அரைக் கரண்டி வைக்கட்டும் அத்தை. உங்க கைப்பக்குவத்தை எல்லாரும் ருசிக்க வேண்டாமா?"

பவளம் புரிஞ்சுக்கிட்டா. சின்னப் பிள்ளைங்க இலையை விட்டுரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன், தலையாட்டினா. வரிசையா ஒவ்வொரு இலையிலயும் ஒரு சொட்டு மாதிரி வச்சுக்கிட்டே போனா. கடைசியா எனக்கும் வச்சா. வெள்ளை வெளேர்னு பால் பாயசம், முந்திரி மிதக்குது.

"சாப்பிடுங்க. நீங்க ஒரு வாய் வச்சதும் நானும் வைக்கறேன்"னேன்.

ஒரு கை அசையலை. சுத்த வயித்துக்காரங்க அத்தனை பேரும் இலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு சித்தப்பாவுக்குத் திடீர்னு இருமல். ஒரு அக்கா முந்தானையைச் சரி பண்றாங்க, சரி பண்றாங்க, பண்ணிக்கிட்டே இருக்காங்க. எவனாவது நிஜமாவே வாய்க்குக் கொண்டு போனா தட்டி விட நான் ரெடியாத்தான் இருந்தேன். அதுக்கு அவசியமே வரலை. பாயசத்துல முறி, இவங்கள்ளாம் ஒளிச்சு மாத்திரை போட்டவங்கன்னு மாடியில நின்ன எங்க ஆளுங்களுக்குப் புரிய ஆரம்பிச்சு, முணுமுணுப்பு கிளம்பிச்சு.

சோலைக்கு மட்டும்தான் புரியலை. முறியைப் பத்தி நான் சொன்னப்பவே அவன் அவங்கம்மாவைச் சந்தேகப்படலை. நான் வம்பு பண்றேன்னு நெனைச்சுட்டான் போல. "என்ன இது, ஆளாளுக்கு மொறைச்சுக்கிட்டு? எங்கம்மா செஞ்ச பாயசம்தானே, நான் சாப்பிடறேன்"னு விரல்ல வழிச்சு வாய்க்குக் கொண்டு போனான்.

எனக்குப் பதட்டமில்லை. அவன்தான் கல்லைத் தின்னாலும் செரிக்கிறவனாச்சே.

"வேண்டாம்டா! வாயில வச்சிராத!"

சுகந்தி அத்தை அவன் கையை அடிச்ச அடியில பாயசம் தெறிச்சு அவன் பட்டு வேட்டியெல்லாம் ஆச்சு.  

"ஏம்மா?"ன்னான் சோலை.

"அது… பொண்ணுக்குச் செஞ்சதுடா."

"எனக்கு என்ன ஆகும்? சொல்லும்மா. எனக்குத்தான் எதுவும் ஆகாதே?"

அவங்க முந்தானையை வாயில வச்சு அழுதாங்க. "ஆகும்டா. உனக்குச் செரிக்காது. பால் மறந்ததுல இருந்தே செரிக்கலை. வயிறு உப்பி, மூச்சு முட்டி, கையில வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில உன் காப்பியைச் சூடு ஆறவச்சு, நாள்மாத்திரையைக் கலந்துதான் குடுக்கறேன். உங்கப்பாவுக்கே தெரியாது."

"நீ?"

"நானும்தான் போடறேன்."

அவன் அவங்களையே பார்த்தான். எதை எதையோ மனசுக்குள்ள கோத்துப் பார்க்கறது முகத்துல தெரிஞ்சுது. "விசாகப்பட்டினத்துல வேலை கிடைச்சப்போ நெஞ்சு வலிக்குதுன்னு படுத்துக்கிட்டியே. அதுவும் இதுக்குத்தானா?"

"அங்க உனக்கு யாருடா காப்பி கலந்து தருவா?"

எனக்குப் பாவமாப் போச்சு. பொய் சொல்லலை, நிஜமாவே பாவமா இருந்துச்சு, ஒரு தாய் இத்தனை வருஷமா ஒரு நாள் தவறாம பயந்துக்கிட்டே காப்பி கலந்திருக்கா. அப்புறம் செம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கற பவளத்தைப் பார்த்தேன். பாவம் பார்க்கறதெல்லாம் அங்கேயே நின்னுருச்சு.

"உங்க மகனுக்கு வயிறு வலிக்கக் கூடாதுன்னு ஆயுசு பூரா ஒளிச்சு ஒளிச்சு மாத்திரை கலந்தீங்க. அதே கையாலதான் என் பாயசத்துல முறியும் கலந்தீங்க. என் வயிறு என்ன பாவம் பண்ணுச்சு அத்தை? எங்கம்மா என்னைக் கையில வச்சுக்கிட்டுப் பாடுபடலையா?"

அவங்க தலை நிமிரலை. "ஊர் என்ன சொல்லும்னு பயந்துட்டேன். நாங்களே உஷாரா சுத்தமான இடம் பார்க்கலைன்னா சந்தேகம் வந்துரும்னு…"

"எனக்கு வந்த பாயசம் ரொம்ப ருசியா இருந்துச்சு" பவளம் சொன்னா. அவ நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்து ரொம்ப நாளாச்சு. "இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையோட அம்மாவும் சிரிச்சுக்கிட்டேதான் வச்சாங்க."

குருசாமி மாமாதான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "விடுங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா. செம்பைக் குடுத்துரு பவளம், பேசித் தீர்த்துக்கலாம்"னாரு.

"அவகிட்ட கேளுங்க மாமா. அவதான் சொல்லணும்"னேன்.

பவளம் செம்பை இன்னும் இறுக்கிப் பிடிச்சா. "குடுக்க மாட்டேன். நாளைக்குப் பரிசோதனைக்குக் கொண்டு போறேன். எனக்கு வந்ததை அன்னிக்கே கழுவி வச்சுட்டாங்க. இதைக் கழுவக் கூடாது."

அப்படிச் சொல்லுடி என் ராசாத்தின்னு கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு எனக்கு.

மாப்பிள்ளை வீட்ல ஒவ்வொருத்தரா இலையை விட்டு எந்திரிக்க ஆரம்பிச்சாங்க. அம்மா ஓரமா நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்துச்சு. இவ்வளவு சமைச்சும் ஒரு பருக்கை யார் வயித்துக்கும் போகலையேங்கற அழுகை அது. எனக்குப் பொறுக்கலை.

"எங்கே போறீங்க? உக்காருங்க"ன்னேன். "எங்க வீட்டுச் சோத்துல ஒண்ணும் கலக்கலை. பவளம், இந்த இலைங்களை எடுத்துட்டு வேற போடு. சோறு கொண்டா, எனக்குப் பசிக்குது."

புது இலை போட்டா. சோறு விழுந்துச்சு, பருப்பு விழுந்துச்சு, நெய் விழுந்துச்சு. இடுப்புல இருந்த பட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் பிடிச்சேன். "இது நொதி. எனக்குச் சோறும் செரிக்காது, பாலும் செரிக்காது. இதைப் போட்டா செரிக்கும். அவ்வளவுதான் விஷயம்." முதல் உருண்டையோட முழுங்கிட்டு அடுத்த வாய் பிசைஞ்சேன். அம்மா பருப்பு இறக்கினா அப்படி ஒரு மணம். அன்னிக்கு அது தனி ருசியா இருந்துச்சு.

சோலை எந்திரிச்சு, கறை பட்ட வேட்டியோட வந்து என் பக்கத்துல காலியா கிடந்த இலையில உக்காந்தான்.

"எனக்கும் ஒண்ணு குடு கிளி."

"மாத்திரை தர்றேன். நிச்சயத்தைப் பத்தி இன்னிக்குப் பேச்சு கிடையாது. உங்கம்மா உன்கிட்ட மறைச்சாங்க. நீ என்னை மறைக்கச் சொன்னே. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்." ஒத்துக்கிட்டான். "நான் கேட்டது மாத்திரை மட்டும்தான்."

மருந்துக்காரியா இருந்து தொலைச்சுட்டேனே, உண்மையைச் சொல்லித்தானே ஆகணும். "காலையில காப்பியில குடுத்தது ராத்திரி வரைக்கும் உள்ள இருக்கும். இன்னிக்கு உனக்கு இது தேவையே இல்லை."

"கூடப் போட்டா எதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப குடு."

கையில வச்சேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளர்ந்த ஆம்பளை, வாழ்க்கை பூரா அதைத் தின்னே உசுரோட இருக்கறவன், எப்படி முழுங்கறதுன்னு தெரியாம முழிக்கிறான். "கடிக்காத. நாக்குல வச்சு, முதல் வாயோட"ன்னேன்.

எதிர்ல சுகந்தி அத்தை பதறிப்போய்க் கையை நீட்டினாங்க. "சோலை, எல்லாரும் பாக்கறாங்கடா."

"பாக்கட்டும்மா"ன்னு நாக்குல வச்சான். பவளம் அவன் இலையில சோறு போட்டா.